மாணவர் ஆய்வகத்தில் எம்பெடட் நிரலாக்கக் கருவிகளை அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மைக்ரோகன்ட்ரோலர் (கருவிகளுக்குள் பொதிந்து அவற்றை இயக்கும் சிறு கணினிச் சிப்) ஆய்வகத்தின் முதல் பயிற்சி பெரும்பாலும் ஒரு சிறு எல்இடி விளக்கைச் சிமிட்ட வைப்பதுதான். ஆனால் அந்த விளக்கு ஒருமுறை எரிந்து அணைவதற்குள் நிரல் எழுதும் எடிட்டர், அதைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலர், மாற்றிய துண்டுகளை ஒன்றாக்கும் லிங்கர், நிரலைப் போர்டில் (சிப் பொருத்திய மின்பலகையில்) ஏற்றும் கருவி, ஓடும் நிரலை நிறுத்தி ஆராயும் டீபக்கர், போர்டைக் கணினிக்கு அடையாளம் காட்டும் யுஎஸ்பி டிரைவர் என ஆறு பொருள்கள் ஒன்றோடொன்று இசைந்து வேலை செய்தாக வேண்டும். இவற்றில் எது பிசகினாலும் மாணவருக்குத் தெரிவது ஒன்றே: விளக்கு எரியவில்லை. பிழை தம்முடைய நிரலில் இருக்கிறதா, கணினியில் இருக்கிறதா என்று பிரித்தறியும் பழக்கம் இன்னும் வராத மாணவர், பழியைத் தம்மீதே போட்டுக்கொள்கிறார். எனவே ஆய்வகத்தை அமைப்பவர் கருவிகளை நிறுவியதோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு கண்ணியும் தனியாக வேலை செய்கிறது என்பதை, மாணவர்கள் உள்ளே வருவதற்கு முன்பே சோதித்து உறுதி செய்துவைக்க வேண்டும். கீழே வரும் படிகள் அந்தச் சோதனைகளின் வரிசையிலேயே அமைந்துள்ளன.

முதல் படி: போர்டைத் தேர்ந்தெடுத்தல்

கருவிகளைப் பற்றிய முடிவுகளில் பாதி, போர்டைத் தேர்ந்தெடுக்கும்போதே எடுக்கப்பட்டுவிடுகின்றன. ஆர்டுயினோ ஊனோ ஆர்3 எளிமையானது. அதன் ஏடிமெகா328பி சிப்பில் நிரல் தங்கும் 32 கிலோபைட் ஃபிளாஷும், ஓடும்போது மாறிகள் தங்கும் 2 கிலோபைட் ரேமும் உள்ளன. 8 பிட் கட்டமைப்பைக் கற்பிக்க அதைவிடத் தெளிவான சிப் அரிது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்கும் வசதி அந்தப் போர்டில் நேரடியாக இல்லை. அந்தச் சிப்பின் டீபக் வழி, சிப்பைத் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓடவைக்கும் ரீசெட் பின்னையே (பின் என்பது சிப்பின் கால்) பயன்படுத்துகிறது. நிரலேற்றும்போது தானாக ரீசெட் ஆவதற்காகப் போர்டில் வைத்துள்ள கெப்பாசிட்டர் அதற்குத் தடையாகிறது. போர்டில் ஓர் இணைப்பை வெட்டினால்தான் வழி பிறக்கும்.

ஒரு பருவம் முழுவதும் நடக்கும் ஆய்வகத்துக்கு டீபக்கர் தவிர்க்க முடியாதது என்பது என் உறுதியான கருத்து. எனவே டீபக்கர் போர்டிலேயே பொருத்தப்பட்டு வரும் எஸ்டி (எஸ்டிமைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ்) நிறுவனத்தின் நியூக்ளியோ-எஃப்401ஆர்இ போர்டை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அதில் 84 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் ஆர்ம் நிறுவனம் வடிவமைத்த கார்டெக்ஸ்-எம்4 கோர் (செயலிப் பகுதி) கொண்ட சிப்பும், 512 கிலோபைட் ஃபிளாஷும், 96 கிலோபைட் ரேமும் உள்ளன. அதே போர்டில் இருக்கும் எஸ்டி-லிங்க் பகுதி, ஒரே யுஎஸ்பி கேபிள் வழியாக நிரலை ஏற்றுகிறது, டீபக் செய்ய உதவுகிறது, போர்டும் கணினியும் எழுத்துகளைப் பரிமாறிக்கொள்ளும் சீரியல் போர்ட்டாகவும் இயங்குகிறது. வேறு நிறுவனத்தின் போர்டைப் பயன்படுத்துவோருக்கும் படிகளின் வரிசை மாறாது; பெயர்களும் எண்களும் மட்டுமே மாறும்.

இரண்டாம் படி: பதிப்புகளை முடிவு செய்து, பிரதிகளைச் சேமித்தல்

ஆய்வகத்தில் பெரும் குழப்பத்தை உண்டாக்குவது பழைய பதிப்பன்று, கலந்துகிடக்கும் பதிப்புகள். பக்கத்து மேசையில் ஓடும் நிரல் இந்த மேசையில் கம்பைல் ஆகவில்லை என்றால், ஆசிரியர் விளக்க வந்த பாடம் அங்கேயே நின்றுவிடும். எனவே பருவம் தொடங்குமுன் ஒரு தாளில் நான்கைப் பதிவு செய்யுங்கள்: ஆர்ம் ஜிஎன்யூ கம்பைலரின் பதிப்பு, போர்டோடு பேசி நிரலேற்றவும் டீபக் செய்யவும் உதவும் ஓபன்ஓசிடியின் பதிப்பு, கம்பைல் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் மேக் (make) கருவியின் பதிப்பு, எடிட்டரும் அதன் நீட்சிகளும் எந்தப் பதிப்பு. பருவம் முடியும்வரை அந்தத் தாள் மாறக்கூடாது. நிறுவல் கோப்புகள் அனைத்தையும் ஒருமுறை பதிவிறக்கி ஆய்வகத்துக்குச் சொந்தமான ஒரு வட்டில் வையுங்கள். முப்பது கணினிகள் ஒரே நேரத்தில் இணையத்திலிருந்து நூற்றுக்கணக்கான மெகாபைட் இறக்க முயன்றால் அன்றைய வகுப்பு அதிலேயே கரைந்துபோகும்.

நிறுவும் இடமும் முக்கியம். விண்டோஸில் இயல்பாகக் காட்டப்படும் நிரல்களுக்கான கோப்புறையின் பெயரில் இடைவெளி இருக்கிறது. பயனரின் கோப்புறைப் பெயரிலும் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருக்கலாம். மேக் கருவி இடைவெளியை இரண்டு பெயர்களுக்கு நடுவிலுள்ள பிரிப்பாகவே எடுத்துக்கொள்கிறது. ஆங்கில எழுத்தல்லாத பெயர்களைக் கண்டால் சில கருவிகள் காரணமே சொல்லாமல் நின்றுவிடுகின்றன. விண்டோஸில் ஒரு கோப்பின் முழு வழிப்பெயர் இயல்பாக 260 எழுத்துகளைத் தாண்ட இயலாது என்பதும் நினைவில் இருக்கட்டும். சி டிரைவின் முதல் நிலையிலேயே, சிறிய ஆங்கில எழுத்துகளால் மட்டும் பெயரிட்ட ஒரு கோப்புறையை உருவாக்கி, அதனுள் எல்லாக் கருவிகளையும் பதிப்பு எண்ணோடு வையுங்கள். மாணவர்கள் தம் வேலையைச் சேமிக்கும் கோப்புறைக்கும் இதே விதிதான்.

மெய்நிகர் கணினிக்குள் எல்லாவற்றையும் நிறுவி, அதையே எல்லோருக்கும் படியெடுத்துக் கொடுத்தால் வேலை எளிதாகுமே என்று தோன்றும். கம்பைல் செய்வதற்கு அது நன்றாகவே உதவும். போர்டை இணைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது: யுஎஸ்பி சாதனத்தை ஒவ்வொரு முறையும் உள்ளே கடத்திவிட வேண்டும், ரீசெட் ஆகும்போது இணைப்பு நழுவும். விண்டோஸுக்குள் லினக்ஸ் தரும் டபிள்யூஎஸ்எல் 2 வசதியும், கூடுதல் மென்பொருள் இல்லாமல் யுஎஸ்பி சாதனங்களைக் காண்பதில்லை. போர்டைத் தொட்டு வேலை செய்யும் ஆய்வகத்தில் கருவிகளை நேரடியாக நிறுவுவதே நல்லது.

மூன்றாம் படி: கம்பைலரை நிறுவிச் சோதித்தல்

நமக்குத் தேவையானது ஒரு கணினியில் ஓடிக்கொண்டே வேறொரு சிப்புக்கான நிரலை உருவாக்கும் கம்பைலர். ஆர்ம் நிறுவனம் வெளியிடும் ஜிஎன்யூ கருவித்தொகுப்பில் இயங்குதளம் ஏதுமில்லாத சிப்புகளுக்கான வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரில் ‘நன்-ஈஏபிஐ’ என்று முடிவதே அது. லினக்ஸுக்கான வகையைத் தவறுதலாக இறக்குபவர்கள் உண்டு. அதுவும் பிழையின்றி நிறுவப்படும், கம்பைல் செய்யும்போதும் பல சமயம் எதுவும் சொல்லாது, லிங்க் செய்யும்போதுதான் சிக்கல் தொடங்கும்.

நிறுவியபின் கருவிகள் இருக்கும் கோப்புறையைக் கணினியின் பாத் மாறியில் (கட்டளைகளைக் கணினி தேடும் கோப்புறைகளின் பட்டியல்) சேருங்கள். பிறகு கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைப் புதியதாக ஒன்று திறந்து கம்பைலரின் பதிப்பைக் கேளுங்கள். ‘புதிய’ என்ற சொல்லை வலியுறுத்திச் சொல்கிறேன். முன்பே திறந்திருந்த டெர்மினலுக்குப் பாத்தில் செய்த மாற்றம் தெரியாது. கிடைக்கும் பதிப்பு எண் உங்கள் தாளில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் வேறொரு மென்பொருளோடு வந்த இன்னொரு கம்பைலர் பாத்தில் முன்னால் நிற்கிறது என்று பொருள்.

உபுண்டு, டெபியன் கணினிகளில் கம்பைலரைத் தொகுப்பு மேலாளர் வழியாகவே நிறுவலாம். அங்கே ஆர்ம் சிப்புக்கெனத் தனி டீபக்கரைத் தேடினால் கிடைக்காது. பல கட்டமைப்புகளுக்குப் பொதுவான ‘ஜிடிபி-மல்ட்டிஆர்ச்’ என்பதை நிறுவ வேண்டும். மேக் கருவி லினக்ஸில் எளிதாகக் கிடைக்கும். விண்டோஸில் தானாக வருவதில்லை, தனியே நிறுவியாக வேண்டும்.

நான்காம் படி: போர்டு இல்லாமல் ஒரு நிரலை உருவாக்குதல்

போர்டை இன்னும் இணைக்க வேண்டாம். கம்பைலும் லிங்கும் சரியாக நடக்கின்றன என்பதை மட்டும் இங்கே உறுதி செய்கிறோம். இதற்கு மேக் கோப்பைத் தவிர மூன்று கோப்புகள் போதும்: முதன்மை நிரல், அதற்கு முன் ஓடும் ஸ்டார்ட்அப் கோப்பு, நினைவகத்தில் எது எங்கே என்று சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்ட். எடிட்டர் முதல் டீபக்கர் வரை ஒன்றாகத் தரும் பெரிய ஐடிஇ மென்பொருள்கள் கடைசி இரண்டையும் மாணவர் கண்ணில் படாமல் தாமே உருவாக்கிக் கொள்கின்றன. வேலை விரைவாக நடக்கும் என்பது உண்மை. ஆனால் சிப் விழித்தெழுந்தவுடன் என்ன நடக்கிறது என்பது தெரியாமலேயே மாணவர் படிப்பை முடித்துவிடுகிறார். ஒரு முறையேனும் இந்த இரண்டு கோப்புகளையும் திறந்து காட்டிவிட வேண்டும்.

லிங்கர் ஸ்கிரிப்ட்டில் ஃபிளாஷ் பதினாறடிமான எண் 08000000 என்ற முகவரியிலும், ரேம் 20000000 என்ற முகவரியிலும் தொடங்குவதாக எழுதியிருக்கும். அளவுகள் உங்கள் சிப்போடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். வேறு சிப்பின் ஸ்கிரிப்ட்டைப் படியெடுத்து, அதில் ரேம் அளவு கூடுதலாக இருந்தால், செயற்கூறுகள் தற்காலிகத் தகவலை வைக்கும் ஸ்டாக் என்ற பகுதி, சிப்பில் உண்மையில் இல்லாத நினைவக முகவரியில் தொடங்கும். நிரல் முதல் செயற்கூற்றிலேயே விழும். ஸ்டார்ட்அப் கோப்போ, தொடக்க மதிப்புள்ள மாறிகளை ஃபிளாஷிலிருந்து ரேமுக்குப் படியெடுத்து, மற்றவற்றைச் சுழியாக்கி, அதன் பிறகே முதன்மைச் செயற்கூற்றை அழைக்கிறது.

மேக் கருவிக்கான கட்டளைகளை எழுதும் மேக் கோப்பில் கம்பைலருக்குச் சிப்பின் கோர் கார்டெக்ஸ்-எம்4 என்றும், கட்டளைத் தொகுதி தம்ப் என்றும் சொல்ல வேண்டும். டீபக் தகவலைச் சேர்க்கும் விருப்பத்தையும், டீபக்குக்கு ஏற்ற ‘ஓஜி’ மேம்படுத்தல் நிலையையும் அமையுங்கள். எல்லா எச்சரிக்கைகளையும் காட்டும் விருப்பத்தை மாணவர்களுக்குக் கட்டாயமாக்குங்கள். சமக்குறி ஒன்று குறைந்த நிபந்தனையைக் கம்பைலரே சுட்டிக்காட்டும்போது, ஆசிரியர் மேசை மேசையாகத் தேட வேண்டியதில்லை.

உருவான கோப்பின் அளவைக் காட்டும் கட்டளை டெக்ஸ்ட் (நிரல்), டேட்டா (தொடக்க மதிப்புள்ள மாறிகள்), பிஎஸ்எஸ் (சுழியாக்கப்படும் மாறிகள்) என்ற மூன்று எண்களைத் தரும். முதலிரண்டின் கூட்டுத்தொகை ஃபிளாஷில் பிடிக்கும் இடம். பின்னிரண்டின் கூட்டுத்தொகை ரேமில் பிடிக்கும் இடம். இந்தக் கணக்கை முதல் வாரமே மாணவர்களைக் கையால் போட வையுங்கள்.

ஐந்தாம் படி: போர்டைக் கணினிக்கு அறிமுகப்படுத்துதல்

இப்போது கேபிளை இணைக்கலாம். சந்தையில் கிடைக்கும் யுஎஸ்பி கேபிள்களில் சில மின்சாரத்தை மட்டும் கடத்துபவை. தரவுக் கம்பிகள் அவற்றில் இல்லை. போர்டில் மின் விளக்கு எரியும், கணினியோ எதையும் காணாது. நான் பொறுப்பேற்றிருந்த ஓர் ஆய்வகத்தில் இத்தகைய கேபிள்கள் சில மற்றவற்றோடு கலந்துவிட, டிரைவரில்தான் கோளாறு என்று நினைத்து ஒரு முழுப் பிற்பகலை அதில் செலவிட்டோம். அன்றிலிருந்து எல்லாக் கேபிள்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, தேறியவற்றுக்கு வண்ண நாடா ஒட்டி வைப்பதை அமைப்பு வேலையின் ஒரு பகுதியாகவே கொண்டுள்ளேன்.

விண்டோஸில் எஸ்டி-லிங்க்குக்கான தயாரிப்பாளரின் டிரைவரை நிர்வாகி உரிமையோடு நிறுவுங்கள். லினக்ஸில் டிரைவர் தேவையில்லை, அனுமதி தேவை. யுஎஸ்பி சாதனத்தைச் சாதாரணப் பயனர் திறப்பதற்கு யூடெவ் (லினக்ஸில் சாதனங்களின் அனுமதியைக் கவனிக்கும் பகுதி) விதி ஒன்று வேண்டும். எஸ்டி நிறுவனத்தின் சாதனங்களுக்கு உரிய அடையாள எண் 0483. ஓபன்ஓசிடியோடு வரும் விதிக்கோப்பிலேயே இது இருக்கிறது. அதை உரிய கோப்புறையில் வைத்து, விதிகளை மறுபடி ஏற்றச் சொல்லி, கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். இது வேலை செய்யாதபோது எல்லாவற்றையும் நிர்வாகி உரிமையோடு ஓட்டிவிடலாம் என்ற சபலம் எழும். அப்படிச் செய்தால் உருவாகும் கோப்புகள் நிர்வாகிக்கு உரியவையாகி, அடுத்த நாள் மாணவரால் அவற்றை அழிக்கவோ திருத்தவோ இயலாமல் போகும்.

புதிய கருவிகள் சில, எஸ்டி-லிங்க்கின் உள் மென்பொருளையும் புதுப்பிக்கச் சொல்லும். எல்லாப் போர்டுகளையும் வகுப்புக்கு முன்பே ஒரே பதிப்புக்குக் கொண்டுவாருங்கள். பாதியில் கேபிளைப் பிடுங்கும் வாய்ப்புள்ள இடத்தில் செய்யத்தக்க வேலை அன்று அது.

ஆறாம் படி: நிரலை ஏற்றுதலும் டீபக்கரைத் தொடுதலும்

ஓபன்ஓசிடி என்ற திறந்தநிலை மென்பொருள், டொமினிக் ராத் என்ற மாணவர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் பட்டத்துக்காக 2005இல் செய்த ஆய்வேட்டிலிருந்து பிறந்தது. மாணவர்களிடம் இதைச் சொல்லத் தவறாதீர்கள். தாம் அன்றாடம் பயன்படுத்தும் கருவி தம்மைப் போன்ற ஒருவர் எழுதியது என்று அறிவது அவர்களுக்குப் பெரிய ஊக்கம்.

ஓபன்ஓசிடிக்கு இரண்டு அமைப்புக் கோப்புகளைச் சுட்ட வேண்டும்: ஒன்று எஸ்டி-லிங்க்கைப் பற்றியது, மற்றொன்று இந்தப் போர்டின் சிப் சேர்ந்த எஸ்டிஎம்32எஃப்4 குடும்பத்தைப் பற்றியது. சரியாக ஓடினால் அது இலக்கின் மின்னழுத்தத்தைக் காட்டும்; ஏறத்தாழ 3.2 அல்லது 3.3 வோல்ட் என்று வர வேண்டும். பின்னர் கணினிக்குள்ளேயே 3333 என்ற எண்ணுள்ள நெட்வொர்க் போர்ட்டில் டீபக்கருக்காகக் காத்திருக்கும். வேறொரு டெர்மினலில் டீபக்கரைத் திறந்து அந்தப் போர்ட்டோடு இணைத்து, நிரலை ஏற்றி, முதன்மைச் செயற்கூற்றில் பிரேக்பாயின்ட் (நிரல் நிற்க வேண்டிய இடக்குறி) வைத்து ஓட விடுங்கள். அங்கே வந்து நின்றால் ஸ்டார்ட்அப் கோப்பு, லிங்கர் ஸ்கிரிப்ட், கேபிள், டிரைவர் அனைத்தும் ஒருசேரத் தேறிவிட்டன. விளக்கு சிமிட்டுவதைவிட இதுவே வலுவான சான்று.

இதன் பிறகு எடிட்டருக்குள்ளிருந்தே டீபக் செய்யும் வசதியை அமைக்கலாம். விஎஸ் கோடு எடிட்டரில் கார்டெக்ஸ்-டீபக் என்ற நீட்சி இதே ஓபன்ஓசிடியைப் பின்னணியில் இயக்குகிறது. டெர்மினலில் ஒருமுறை செய்து பார்த்தவருக்கு அந்தப் பொத்தானின் பின்னால் என்ன நடக்கிறது என்பது விளங்கும். அது சிவப்பு எழுத்தில் பிழை காட்டும்போதும் அஞ்ச மாட்டார்.

டீபக்கரின் அருமையை உணர்த்த ஒரு பயிற்சி உண்டு. இந்தப் போர்டில் பயனருக்கான விளக்கு ஏ போர்ட்டின் (சிப்பின் பின்களில் ‘ஏ’ என்று பெயரிட்ட தொகுதி) 5ஆம் பின்னில் இருக்கிறது. அந்தப் போர்ட்டுக்குக் கடிகாரத் துடிப்பை அனுப்பும் வரியை நிரலிலிருந்து வேண்டுமென்றே நீக்கிவிட்டு மாணவரிடம் கொடுங்கள். நிரல் பிழையின்றிக் கம்பைல் ஆகும், பிழையின்றி ஓடும், விளக்கு மட்டும் எரியாது. வரி வரியாக நகர்த்தி, பின்கள் உள்ளீடா வெளியீடா என்று குறிக்கும் மோட் ரிஜிஸ்டரைப் பார்த்தால், எழுதிய மதிப்பு அதில் ஏறவே இல்லை என்பது தெரியும். கடிகாரம் இல்லாத பகுதி எழுதுவதை ஏற்காது என்ற பாடம் அதன்பின் மறக்காது.

இதோடு நெருங்கிய இன்னொரு விபத்து ஒவ்வொரு பருவத்திலும் தவறாமல் நிகழ்கிறது. டீபக்கருக்குரிய இரண்டு கம்பிகளும் அதே ஏ போர்ட்டின் 13, 14ஆம் பின்களில்தான் உள்ளன. 5ஆம் பின்னுக்குரிய பிட்டுகளை மட்டும் மாற்றாமல், மோட் ரிஜிஸ்டர் முழுவதிலும் ஒரே மதிப்பை எழுதிவிடும் மாணவர், அந்த இரண்டு பின்களையும் சாதாரண உள்ளீடாக மாற்றிவிடுகிறார். அந்த வரி ஓடிய கணமே டீபக்கர் தொடர்பு அறுகிறது. போர்டு எரிந்துவிட்டது என்று அவர் கலங்கி நிற்பார். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரீசெட் கோட்டைப் பிடித்துவைத்தபடியே இணையுமாறு ஓபன்ஓசிடிக்குச் சொன்னால், தவறான நிரல் ஓடுவதற்கு முன்பே சிப் வசமாகிவிடும். அப்போது ஃபிளாஷை அழித்துவிடலாம். இந்த மீட்புக் கட்டளையை மேக் கோப்பிலேயே ஒரு பெயரிட்டு முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

ஏழாம் படி: சீரியல் இணைப்பு

லினக்ஸில் சீரியல் போர்ட்டைத் திறக்க உபுண்டு, டெபியன் கணினிகளில் பயனர் ‘டயல்அவுட்’ குழுவில் இருக்க வேண்டும்; குழுவில் சேர்த்தபின் வெளியேறி மறுபடி உள்நுழைந்தால்தான் அது செல்லும். விலை குறைந்த போர்டுகளில் யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிஎச்340 சிப் இருந்தால், விண்டோஸில் அதற்குத் தனி டிரைவர் தேவைப்படலாம். உபுண்டு 22.04இல், பிரெய்ல் கருவிகளுக்கான ‘பிஆர்எல்டிடிஒய்’ சேவை அந்தச் சிப்பைத் தன் கருவி என்று கருதிக் கைப்பற்றிக்கொள்வதும், போர்ட் தோன்றிய மறுகணமே மறைவதும் நன்கறியப்பட்ட சிக்கல். பிரெய்ல் கருவியைப் பயன்படுத்தும் மாணவர் இருந்தால் சேவையை முழுதாக நீக்காமல், இந்தச் சிப்புக்கான விதியை மட்டும் அகற்றுங்கள்.

நியூக்ளியோவில் இரண்டாம் சீரியல் அலகு, ஏ போர்ட்டின் 2, 3ஆம் பின்கள் வழியாக எஸ்டி-லிங்க்கோடு இணைந்துள்ளது. போர்டின் ஓரத்தில் 0, 1 என்று குறித்துள்ள துளைகளுக்கு அந்த இணைப்பு இயல்பாக வருவதில்லை. அங்கே கம்பியைச் செருகிக் காத்திருப்பவர் எதையும் காண மாட்டார்.

திரையில் எழுத்துகளுக்குப் பதில் குப்பை வந்தால் பெரும்பாலும் கடிகாரக் கணக்கில்தான் பிழை. இந்தச் சிப் விழித்தெழும்போது உள் ஆசிலேட்டரின் 16 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. 84க்கு நாம்தான் ஏற்ற வேண்டும். நொடிக்கு 115200 பிட் வேகத்துக்கு 16 மெகாஹெர்ட்ஸில் வகுக்கும் எண் 139. சிப் ஏற்கெனவே 84இல் ஓடுகிறது, அலகின் கடிகாரம் அதில் பாதியான 42 மெகாஹெர்ட்ஸ் என்று எண்ணி 365ஐ எழுதிவிட்டால், உண்மையில் வெளிவரும் வேகம் ஏறத்தாழ 43,800 பிட்தான்.

எட்டாம் படி: எல்லாக் கணினிகளிலும் ஒரே நிலை

ஒரு கணினியில் எல்லாப் படிகளும் தேறியபின் அதன் வட்டுப் படிமத்தை எடுத்து மற்றவற்றில் பதியுங்கள். கருவிகள் உள்ள கோப்புறையை மாணவர் படிக்கலாம், மாற்ற இயலாதபடி உரிமை அமையுங்கள். எடிட்டரும் நீட்சிகளும் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதியை நிறுத்துங்கள். பருவத்தின் நடுவில் ஒரு வாரம் எல்லாம் குலைவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம்.

எல்லாம் ஒன்றேதான் என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரே நிரலை ஒவ்வொரு கணினியிலும் கம்பைல் செய்து, போர்டில் ஏற்றும் பைனரி கோப்பின் எஸ்எச்ஏ-256 மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) கணக்கிடுங்கள். கம்பைலரும் விருப்பங்களும் ஒன்றாக இருந்து, நிரலில் தேதி நேரத்தைச் சேர்க்கும் வரிகள் இல்லாவிட்டால், எல்லா மதிப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும். மாறுபட்ட மதிப்பைத் தரும் கணினியை வகுப்புக்கு முன்பே தனியே பிரித்துச் சரிசெய்யலாம்.

வகுப்பு நடக்கும்போது

ஓடும் என்று உறுதியான ஒரு போர்டையும், நாடா ஒட்டிய ஒரு கேபிளையும், சிமிட்டும் நிரலின் ஆயத்தப் பைனரி ஒன்றையும் ஆசிரியர் மேசையில் வையுங்கள். அவற்றை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள். ஒரு மேசையில் சிக்கல் என்றால் முதலில் கேபிளை மட்டும் மாற்றுங்கள். தீரவில்லை என்றால் அதைத் திரும்பப் போட்டுவிட்டுப் போர்டை மாற்றுங்கள், அடுத்து யுஎஸ்பி துளையை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது தீர்த்தது என்பது தெரியாமல் போகும். நியூக்ளியோ கணினியில் ஒரு வட்டாகவும் தோன்றுவதால், ஆயத்தப் பைனரியை அதனுள் இழுத்துப் போட்டாலே ஏறிவிடும். அப்போது விளக்கு சிமிட்டினால் போர்டும் கேபிளும் நலம், மீதமிருப்பது அந்த மாணவரின் நிரல்தான். அவருக்கு அருகில் அமர்ந்து முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கலாம்.